தானமாகப் போகும் சொகுசு கார்: தொண்டுக்குச் சேர்வது எவ்வளவு?

அமெரிக்காவில் டிசம்பர் மாதம் வானொலியைப் போட்டால் ஒரு வேண்டுகோள் திரும்பத் திரும்பக் காதில் விழும். உங்கள் பழைய காரை எங்களுக்குக் கொடுங்கள், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நாங்களே வந்து இழுத்துக்கொண்டு போகிறோம், உங்களுக்கு வரிக் கழிவும் உண்டு என்பார்கள். பொது வானொலி நிலையங்கள், உணவு வங்கிகள், விலங்குக் காப்பகங்கள், முன்னாள் படைவீரர் சங்கங்கள், தேவாலயங்கள் எனப் பலரும் இதைக் கேட்கிறார்கள். டிசம்பர் 31ஆம் தேதிக்குள் கொடுத்தால்தான் அந்த ஆண்டின் வரிக் கணக்கில் சேரும் என்பதால் மாதக் கடைசியில் குரல் இன்னும் உரக்க ஒலிக்கிறது.

இப்படிப் போகும் வண்டிகளில் ஏராளமானவை ஓடி ஓய்ந்தவை. அவற்றைப் பற்றி யோசிக்க அதிகம் இல்லை. பழைய இரும்பு விலை போனாலும் நல்லதுதான். யோசிக்க வேண்டியது சொகுசு ஸ்போர்ட்ஸ் செடானைப் பற்றி. பத்துப் பன்னிரண்டு வயதான பிஎம்டபிள்யூ 550, மெர்சிடிஸ் இ-கிளாஸ், ஆடி எஸ்4, காடிலாக் சிடிஎஸ்-வி போன்ற ஒரு கார். புதிதாக வாங்கும்போது 60,000 டாலரை ஒட்டியோ தாண்டியோ கொடுத்திருப்பார்கள். இன்றைக்கும் வாசலில் நின்றால் பார்வைக்குக் குறைவில்லை. இதை நம் ஊர்த் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று ஒருவர் நினைக்கும்போது, அந்த நல்லெண்ணத்தில் எவ்வளவு உண்மையில் அந்த ஊருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் காரைப் பற்றி. நான்கு கதவும் ஐந்து பேர் உட்காரும் இடமும் உள்ள குடும்பக் காருக்குள் பந்தயக் காருக்குரிய வேகத்தை வைப்பதுதான் இந்த வகையின் சாரம். 1985இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 அதற்கு நல்ல உதாரணம். எம்1 என்ற ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த என்ஜினை 5 சீரிஸ் உடம்புக்குள் வைத்தார்கள். இத்தகைய கார்களின் விலை, வாங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாகச் சரிகிறது. பராமரிப்புச் செலவு மட்டும் சரிவதில்லை. விலை குறைந்த பழைய காருக்கும் அதே விலையுயர்ந்த உதிரிபாகம்தான், அகலமான டயர்தான், உயர்ரகப் பெட்ரோல்தான். பிஎம்டபிள்யூ 2008இல் கொண்டுவந்த இரட்டை டர்போ வி8 என்ஜின் எண்ணெய் குடிப்பதற்குப் பேர்போனது. அதற்கென்றே 2014இன் கடைசியில் நிறுவனம் ஒரு தனிப் பராமரிப்புத் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முன், 2010இல், ஆறு சிலிண்டர் டர்போ என்ஜின்களின் உயரழுத்த எரிபொருள் பம்புக்காக அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. பணிமனையில் எழுதித் தரும் மதிப்பீடு காரின் சந்தை விலையைத் தொடும் நாளில்தான் பலருக்குத் தானம் பற்றிய எண்ணமே வருகிறது. இதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் உடைமையாளரின் மனத்தில் இருக்கும் விலையும் சந்தை தரும் விலையும் இந்தக் காரில் விலகி நிற்பது போல வேறெந்தக் காரிலும் நிற்பதில்லை. அந்த இடைவெளியில்தான் ஒரு காலத்தில் பெரிய முறைகேடு நடந்தது.

2005க்கு முன்பு அமெரிக்காவில் காரைத் தானமாகக் கொடுத்தவர் அதன் சந்தை மதிப்பை, விலைக் கையேட்டைப் பார்த்துத் தானே எழுதிக்கொண்டு, அந்தத் தொகை முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். காரை வாங்கிய அமைப்பு அதை எவ்வளவுக்கு விற்றது என்பது கணக்கிலேயே வராது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003 நவம்பரில் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. 2000ஆம் ஆண்டுக்கான வரிக் கணக்குகளில் ஏறத்தாழ 7 லட்சத்து 33 ஆயிரம் பேர் கார் தானத்துக்குக் கழிவு கேட்டிருந்தார்கள். அரசுக்கு அதனால் குறைந்த வரி 65 கோடி டாலருக்கும் மேல். தணிக்கையாளர்கள் 54 கார்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கொடுத்தவர் எழுதிய மதிப்பையும் தொண்டு அமைப்பின் கைக்கு வந்த பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கார்களில், எழுதிய மதிப்பில் 5 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோதான் தொண்டுக்குச் சேர்ந்திருந்தது. அறிக்கையில் வரும் 1983ஆம் ஆண்டு டிரக் ஒன்றின் கணக்கு மறக்க முடியாதது: ஏலத்தில் அது 375 டாலருக்குப் போனது, விளம்பரச் செலவும் இடைத்தரகர் பங்கும் போகத் தொண்டுக்குக் கிடைத்தது 31 டாலர் 50 சென்ட், கொடுத்தவர் வரிக் கணக்கில் எழுதியது 2,400 டாலர்.

2004 அக்டோபரில் நிறைவேறிய வேலைவாய்ப்பு உருவாக்கச் சட்டம் இந்த வாசலை அடைத்தது. 2005 ஜனவரி முதல், 500 டாலருக்கு மேல் கழிவு கேட்கும் காரைத் தொண்டு அமைப்பு விற்றுவிட்டால், விற்ற தொகைதான் கழிவின் உச்சம். கையேடு என்ன சொன்னாலும் கவலையில்லை. விற்ற 30 நாட்களுக்குள் அந்த அமைப்பு 1098-சி என்ற படிவத்தில் விலையை எழுதித் தர வேண்டும். அந்தப் படிவம் இல்லாமல் 500 டாலருக்கு மேல் கழிவு இல்லை. பொய்யாக எழுதிக் கொடுத்தால் அமைப்புக்கே அபராதம். விளைவு உடனே தெரிந்தது. 2004இல் ஏறத்தாழ 9 லட்சம் வாகனங்களுக்குக் கழிவு கேட்டவர்கள் அடுத்த ஆண்டு 3 லட்சம் வாகனங்களுக்குத்தான் கேட்டார்கள். கழிவுத் தொகை சுமார் 240 கோடி டாலரிலிருந்து 50 கோடி அளவுக்கு இறங்கியது. வண்டி வரத்துக் குறையும் என்று தொண்டு அமைப்புகள் பலவும் அன்று கவலைப்பட்டன, குறையத்தான் செய்தது. ஆனாலும் அந்தச் சட்டம் சரியானது என்றே நான் கருதுகிறேன். 31 டாலர் தொண்டுக்காகப் பொதுக் கருவூலம் பல நூறு டாலர் வரியை விட்டுக்கொடுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. நம் நாட்டில் இந்தக் கேள்வியே எழாமல் போனதற்குக் காரணம் உண்டு: வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டுமே கழிவு தந்தது, பொருளாகக் கொடுத்தால் இல்லை.

இன்றைய நிலைமையில் அமெரிக்கர்கள் பலருக்கு இந்தக் கழிவே எட்டாத ஒன்று. தானத்துக்குக் கழிவு வேண்டுமென்றால் செலவுகளை இனவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் பொதுவான நிலைக் கழிவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியதும், இனவாரிக் கணக்குக் காட்டுவோர் பத்தில் மூவராக இருந்தது பத்தில் ஒருவராகச் சுருங்கியது. 2025ஆம் ஆண்டுக்கான நிலைக் கழிவு தனியாளுக்கு 15,750 டாலர், தம்பதியருக்கு 31,500 டாலர். வீட்டுக்கடன் வட்டியும் மாநில வரியும் பிற தானங்களும் சேர்ந்து இதைத் தாண்டாதவருக்குக் காரைக் கொடுத்ததால் ஒரு டாலர் கூட வரி குறையாது. 2026 முதல் விதி இன்னும் மாறுகிறது. இனவாரிக் கணக்குக் காட்டாதவரும் ஆண்டுக்கு 1,000 டாலர் வரை, தம்பதியர் 2,000 டாலர் வரை, தானத்துக்குக் கழிவு பெறலாம். ஆனால் பணமாகக் கொடுத்திருந்தால் மட்டும். காருக்கு அது பொருந்தாது. இனவாரிக் கணக்குக் காட்டுவோருக்கோ வருமானத்தில் அரை விழுக்காடு அளவுக்கான முதல் தானத்துக்குக் கழிவு கிடையாது. வரிக்காகக் காரைக் கொடுங்கள் என்ற விளம்பரம் யாரை நோக்கிப் பேசுகிறதோ அவர்களில் பலருக்கு அது பொருந்தாத வாக்குறுதி.

சரி, கார் எங்கே போகிறது? உங்கள் ஊர் உணவு வங்கியின் பெயரில் இருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்தால், பெரும்பாலும் மறுமுனையில் எடுப்பது அந்த உணவு வங்கி இல்லை. கார் தானத்தை மட்டும் கையாளும் ஒரு மைய அமைப்போ நிறுவனமோ வேறொரு மாநிலத்திலிருந்து பேசும். இழுவை வண்டி வரும், கார் ஏதாவது ஓர் ஏலக் களத்துக்குப் போகும். 1982இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கோபார்ட் போன்ற ஏல நிறுவனங்களின் திடலில், காப்பீட்டு நிறுவனங்கள் கைகழுவிய விபத்து வண்டிகளின் வரிசையில் அதுவும் நிற்கும். அங்கே ஏலம் கேட்பவர் வியாபாரி. ஓட்டிப் பார்த்து வாங்க வழியில்லாத இடத்தில், பழுதுக்கு அஞ்சி, பாதுகாப்பான விலையைத்தான் கேட்பார். சிக்கலான என்ஜின் உள்ள சொகுசு காரில் அந்த அச்சம் இன்னும் அதிகம். ஏல விலையிலிருந்து இழுவைக் கூலி, ஏலக் கட்டணம், விளம்பரம், கையாளும் நிறுவனத்தின் பங்கு எல்லாம் கழிந்து மீதிதான் உணவு வங்கிக்கு.

கொடுத்தவரின் கண்ணுக்குத் தெரியாமல் போவது இந்தப் பிடித்தங்கள்தான். 1098-சி படிவத்தில் இருப்பது மொத்த விற்பனைத் தொகை. அதில் தொண்டுக்கு எவ்வளவு போனது என்பதற்கு அங்கே இடமில்லை. கார் 6,000 டாலருக்கு விற்றால் கொடுத்தவருக்கு 6,000 டாலர் கழிவு. தொண்டுக்கு 4,800 வந்தாலும் 2,000 வந்தாலும் அவருடைய கழிவு மாறாது. எனவே அவராகக் கேட்டால் ஒழிய அவருக்குத் தெரிய வழியில்லை. கேட்க வேண்டிய கேள்வியும் எளிது: விற்ற விலையில் எத்தனை விழுக்காடு உங்களுக்கு வருகிறது, அல்லது கையாளும் நிறுவனம் காருக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் எடுத்துக்கொள்கிறதா? விலை போகும் காருக்கு நிலையான கட்டணம் தொண்டுக்கு நல்லது. ஓட்டை வண்டிக்கு விழுக்காடு நல்லது. நேர்மையான அமைப்பு இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும். தயங்கினால் வேறு அமைப்பைத் தேடலாம்.

உள்ளூர் என்ற சொல்லையும் சோதித்துப் பார்க்க வேண்டும். வானொலி விளம்பரப் பாட்டால் அமெரிக்கா முழுக்க அறியப்பட்ட கார்ஸ்4கிட்ஸ் என்ற நியூ ஜெர்சி அமைப்பைப் பற்றி மின்னசோட்டா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2017இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 2012 முதல் 2014 வரை அம்மாநில மக்கள் கொடுத்த கார்களிலிருந்து 30 லட்சம் டாலர் அளவுக்குத் திரண்டது; மின்னசோட்டாக் குழந்தைகளுக்குச் சென்றது அதில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அமைப்பு திரட்டிய பணத்தில் கணிசமான பங்கு, அதோடு இணைந்த யூத சமயக் கல்விப் பணிகளுக்குச் சென்றது. சமயக் கல்விக்குக் கொடுப்பதில் தவறேதும் இல்லை. கொடுத்தவர் அதை அறிந்து கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. மறுபக்கமும் உண்டு. 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கான கூட்டரசு நிதி 110 கோடி டாலரை நாடாளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகு, சின்ன ஊர்களின் வானொலி நிலையங்களுக்குக் கார் தானத்தின் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. அங்கேயும் காரைக் கையாள்வது மைய அமைப்புதான், ஆனால் மீதிப் பணம் அந்த ஊர் நிலையத்துக்கே திரும்புகிறது. ஆகவே இடைத்தரகர் இருப்பதாலேயே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. பணம் கடைசியில் எங்கே இறங்குகிறது என்பதைப் பார்த்தால் போதும்.

விற்பனை விலைக்குக் கட்டுப்படாமல் முழுச் சந்தை மதிப்புக்கும் கழிவு தரும் விதிவிலக்குகளைச் சட்டம் வைத்திருக்கிறது, அவற்றில்தான் இந்த விஷயத்தின் உயிர் இருக்கிறது. தொண்டு அமைப்பு காரைத் தன் பணிக்கே கணிசமாகப் பயன்படுத்தினால் ஒன்று. ஏழைகளுக்கு ஓராண்டு நாள்தோறும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க அந்தக் காரை ஓட்டுவதை வரித்துறையே உதாரணமாகக் காட்டுகிறது. மதிப்பை உயர்த்தும் பெரிய பழுதுபார்ப்பைச் செய்தால் இன்னொன்று. பெயிண்ட் அடிப்பதும் இருக்கையைத் துடைப்பதும் அதில் சேராது. தேவைப்பட்ட ஏழை ஒருவருக்கு இலவசமாகவோ சந்தை விலைக்கு மிகக் குறைவாகவோ கொடுத்தால் மூன்றாவது.

இந்த மூன்றாவது வழியில் அமெரிக்காவில் அருமையான அமைப்புகள் வளர்ந்திருக்கின்றன. வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் 1996இல் ஹால் கால்ஸ்டன் தொடங்கிய குட் நியூஸ் கராஜ், தானமாக வந்த கார்களைச் சீராக்கி, கார் இல்லாததால் வேலைக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. பேருந்து எட்டாத மலைக் கிராமங்கள் நிறைந்த மாநிலம் அது. மேரிலாந்தில் 1999இல் தொடங்கிய வெஹிகிள்ஸ் ஃபார் சேஞ்ச் இன்னும் ஒரு படி மேலே போய், சிறையிலிருந்து வந்தவர்களுக்கு மெக்கானிக் பயிற்சி கொடுத்து, அவர்கள் கையாலேயே அந்தக் கார்களைப் பழுது பார்க்க வைக்கிறது. கார் காராகவே பயன்படும் தானம் இதுதான். ஏலத் திடலைவிட எத்தனையோ மடங்கு மேலானது.

ஆனால் சொகுசு ஸ்போர்ட்ஸ் செடான் இங்கே பொருந்துவதில்லை. மணிக்கூலிக்கு வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு 400 குதிரைத்திறன் உள்ள வி8 காரைக் கொடுப்பது, கொட்டகை இல்லாதவருக்கு யானையைக் கட்டிக் கொடுப்பதுதான். பெட்ரோலும் காப்பீடும் அவர் சம்பளத்தைத் தின்னும். முதல் பெரிய பழுது வரும் நாளில் கார் நின்றுவிடும், வேலையும் போகும். இதை அந்த அமைப்புகள் அனுபவத்தில் அறிந்திருக்கின்றன. அத்தகைய காரை விற்று, அந்தப் பணத்தில் இரண்டு மூன்று எளிய கார்களைச் சீராக்குவது அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வழி. அப்போது கொடுத்தவருக்கு விற்ற விலைதான் கழிவு. அதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

இந்தக் காரைத் தானமாக உண்மையிலேயே விரும்பிப் பெற்றுக்கொள்ளும் இடங்கள் வேறு இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. முதலாவது, ஊர்ச் சமுதாயக் கல்லூரிகளின் வாகனத் தொழில்நுட்பப் பிரிவு. நேரடி எரிபொருள் தெளிப்பு, இரட்டை டர்போ, காற்றழுத்தச் சஸ்பென்ஷன், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல டஜன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் என எது ஏழைக் குடும்பத்துக்குச் சுமையோ அதுவே மெக்கானிக் மாணவருக்குப் பாடம். பழைய எளிய கார்களிலேயே பழகிய மாணவர், டீலர் பணிமனையில் முதல் நாள் திகைத்து நிற்பதைத் தவிர்க்க இது உதவும். பொதுக் கல்லூரிக்குத் தருவதும் தானக் கழிவுக்கு உரியதே. முழு மதிப்புக்கும் கழிவு கிடைக்க, காரைப் பல பருவங்கள் பயிற்சியில் வைத்திருப்போம் என்று கல்லூரி படிவத்தில் எழுதித் தர வேண்டும். மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். மூன்று ஆண்டுக்குள் விற்றால் கல்லூரி வரித்துறைக்குத் தெரிவிக்கும் என்பதால் பெயரளவுக்கு எழுதி வாங்குவது நடக்காது. இரண்டாவது, தன்னார்வத் தீயணைப்புப் படைகள். விபத்தில் சிக்கியவரைக் காரை வெட்டி மீட்கும் பயிற்சிக்கு அவர்களுக்கு வண்டிகள் வேண்டும். அண்மைக்காலச் சொகுசு கார்களின் தூண்களில் உள்ள கடினமான எஃகும், கூரையோரம் வரை பதிந்திருக்கும் காற்றுப் பைகளும் பழைய வண்டியில் கிடைக்காத பயிற்சியைத் தரும். என்ஜின் செத்த கார் கூட இதற்குப் போதும். அடுத்த விபத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவரின் உயிர் அந்தப் பயிற்சியால் மிஞ்சலாம். உள்ளூர்த் தொண்டு என்பதற்கு இதைவிட நேரான பொருள் எனக்குத் தெரியவில்லை.

இவை வாய்க்காதபோது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, நன்றாக ஓடும் ஒரு கார் நேரடியாக விற்றால் 10,000 டாலர் போகும், ஏலத்தில் 6,000 போகும், கையாளும் அமைப்பு கால் பங்கை எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். தானமாகக் கொடுத்தால் தொண்டுக்கு 4,500. கொடுத்தவர் 24 விழுக்காடு வரி வரம்பில் இனவாரிக் கணக்குக் காட்டுபவரானால் அவருக்கு வரியில் குறைவது ஏறத்தாழ 1,440. அதே காரைத் தானே விற்று 10,000 டாலரையும் அந்தத் தொண்டு அமைப்புக்குக் காசோலையாகக் கொடுத்தால் தொண்டுக்கு 10,000, அவருக்கு வரிக் குறைவு ஏறத்தாழ 2,400. வாங்கிய விலைக்குக் குறைவாகச் சொந்தக் காரை விற்பதற்கு வரி ஏதும் இல்லை. இரு தரப்புக்கும் இலாபமான வழி இது. விலை என்னவென்றால் விளம்பரம் போட்டு, நாலு பேருக்குக் காட்டி, பேரம் பேசும் தொல்லை. அந்தத் தொல்லையிலிருந்து விடுபடக் கொடுக்கும் 5,500 டாலரும் தொண்டின் பையிலிருந்துதான் போகிறது. வசதியுள்ளவர், உடம்பில் தெம்புள்ளவர், நல்ல நிலையிலுள்ள காரை அப்படிக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கியர்பாக்ஸ் போன கார், புகைச் சோதனையில் தேறாத கார், முதுமையிலோ துக்கத்திலோ விற்கும் வலு இல்லாதவரின் கார் என்றால் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே நேரடி விலைக்கும் ஏல விலைக்கும் உள்ள தூரம் சுருங்கிவிடும். தானம்தான் சரியான வழி.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. எல்லாப் பழைய ஸ்போர்ட்ஸ் செடானும் மதிப்பிழந்ததில்லை. 1998 முதல் 2003 வரை உற்பத்தியான எம்5 போன்ற சில கார்களைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றை விபத்து வண்டிகளின் ஏலத்துக்கு அனுப்புவது பெரிய இழப்பு. இணையச் சிறப்பு ஏலத்தில் விற்கும் திறன் உள்ள அமைப்பா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.

கொடுப்பது முடிவான பிறகு மிஞ்சுவது காகித வேலை. தானத்துக்குக் கழிவு பெறத் தகுதியுள்ள தொண்டு அமைப்புகளைக் காட்டும் வரித்துறையின் 501(சி)(3) பட்டியலில் அமைப்பு இருக்கிறதா என்பதை அத்துறையின் இணையத் தேடலில் பார்த்துவிடலாம். உரிமைப் பத்திரத்தில் பெறுபவர் பெயரைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. கார் அடுத்தடுத்து கைமாறி யாராவது எங்காவது நிறுத்திவிட்டுப் போனால் அபராதச் சீட்டு பழைய உடைமையாளருக்கே வரும். கலிபோர்னியாவில் கைமாறிய ஐந்து நாட்களுக்குள் போக்குவரத்துத் துறைக்கு அறிவிக்க வேண்டும். சொகுசு காரில் வீட்டு முகவரி, தொலைபேசித் தொடர்புகள், வாகனக் கொட்டகைக் கதவைத் திறக்கும் குறியீடு எல்லாம் பதிவாகியிருக்கும். அவற்றை அழித்து, கைபேசிச் செயலியிலிருந்தும் காரை விடுவிக்க வேண்டும். பணிமனை ரசீதுகளையும் இரண்டாவது சாவியையும் உறையில் போட்டு உள்ளேயே வைத்துவிடுங்கள். இந்த வகைக் காரை வாங்குபவர் முதலில் தேடுவது பராமரிப்புச் சான்றைத்தான். அதனால் ஏலத்தில் ஏறும் சில நூறு டாலர் தொண்டுக்குப் போகும்.